மெல்கிசேதேக்கு: ஒரு சிற்றரசனின் பெயரும் மடுவத்துத் தராசும்

பதுளை நகரின் கடைவீதியில் சற்று நேரம் நின்று செவிமடுத்தால் மாலிக், சித்தீக், சலாம் என்னும் பெயர்களுள் ஒன்றையேனும் யாராவது உரத்து அழைப்பதைக் கேட்கலாம். அதே நகரின் கிறிஸ்தவ ஆலயங்களில் ஆண்டின் சில நாட்களில் மெல்கிசேதேக்கு என்னும் ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவரின் நாவே தடுமாறும் பெயர் அது. கேட்பவர்களும் அதன் பொருளை விசாரிப்பதில்லை. ஆனால் கடைவீதியில் ஒலிக்கும் அந்த மூன்று பெயர்களின் வேர்களும் இந்த ஒரு மன்னனின் பெயருக்குள்ளும் அவனது ஊரின் பெயருக்குள்ளும் அடங்கிக் கிடக்கின்றன என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

மெல்கிசேதேக்கு பேரரசன் அல்லன். சாலேம் என்னும் ஒற்றை ஊரை ஆண்ட சிற்றரசன். எபிரேய வேதத்தில் அவனது பெயர் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று ஆதியாகமம் 14ஆம் அதிகாரம். மற்றையது 110ஆம் சங்கீதம். ஆதியாகமத்திலும் அவனுக்குக் கிடைத்தவை மூன்று வசனங்கள் மாத்திரமே. கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த நான்கு அரசர்கள் யோர்தான் பள்ளத்தாக்கின் ஐந்து அரசர்களைத் தோற்கடித்து, சோதோமிலே குடியிருந்த லோத்தையும் சிறைபிடித்துச் செல்கின்றனர். லோத்தின் உறவினரான ஆபிரகாம் தம் வீட்டில் பிறந்த 318 ஆட்களுடன் பின்தொடர்ந்து சென்று சிறைப்பட்டோரையும் கொள்ளை போன பொருட்களையும் மீட்டு வருகிறார். முஸ்லிம் வாசகர்கள் இவ்விருவரையும் நபி இப்ராஹீம் (அலை), நபி லூத் (அலை) என நன்கறிவர். இந்தப் போர் பற்றிய செய்தியோ சாலேமின் அரசனுடைய பெயரோ திருக்குர்ஆனில் இல்லை.

மீண்டு வரும் வழியில் அரசர் பள்ளத்தாக்கு எனப்படும் இடத்தில் இரு அரசர்கள் ஆபிரகாமைச் சந்திக்கின்றனர். சாலேமின் அரசன் அப்பமும் திராட்சை ரசமும் கொண்டு வந்து அவரை ஆசீர்வதிக்கிறான். அவன் அரசன் மட்டுமல்லன். உன்னதமான கடவுளின் ஆசாரியனும் ஆவான். ஆபிரகாம் அவனுக்குத் தம்மிடமிருந்தவற்றில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். மற்றைய அரசனான சோதோமின் பேராவைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இனிப் பெயருக்கு வருவோம். எபிரேய மூலத்தில் இது ஒரு சொல் அன்று, இரு சொற்கள்: மல்கி, ஸெதெக். கிரேக்க மொழிபெயர்ப்பில் மல்கி என்பது மெல்கி ஆயிற்று. தமிழ் விவிலியமும் அந்த ஒலியையே ஒட்டி நிற்கிறது. எபிரேயத்தில் மெலெக் என்றால் அரசன். அரபு மொழியில் அதுவே மலிக். திருக்குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசும் வசனத்தில் வருவதும் இவ்வேர்ச்சொல்லே. அதனை மாலிக் என்றும் மலிக் என்றும் ஓதும் இரு முறைகளும் உண்டு. அடுத்தது ஸெதெக். அதன் அரபு உறவினர் ஸித்க். வாய்மை என்பது அதன் பொருள். அபூபக்கர் (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரான ஸித்தீக், நாம் ஏழைகளுக்கு வழங்கும் ஸதகா ஆகிய இரண்டும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. மர்யம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் நபி இப்ராஹீமையே ஸித்தீக் எனக் குறிப்பிடுகிறது. அந்த அரசனின் பெயரில் பாதி இவ்வாறு அவன் ஆசீர்வதித்தவருக்கே அடைமொழியாய் அமைந்திருப்பது ஓர் அழகிய பொருத்தம் என்றே நாம் கருதுகிறோம்.

சாலேம் என்பது சமாதானம் எனப் பொருள்படும் ஷாலோம் என்னும் சொல்லோடு இணைத்து நோக்கப்படுகிறது. அதன் அரபு வடிவம் சலாம். 76ஆம் சங்கீதம் சாலேமையும் சீயோனையும் அடுத்தடுத்து வைத்துப் பாடுவதால் அவ்வூர் பிற்கால எருசலேமே என்பது பழைய நம்பிக்கை. (நம் மலையகத்தவர் சிலரின் பாட்டன்மார் புறப்பட்டு வந்த தமிழகத்துச் சேலத்துக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை.) ஹஷ்ர் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் இறைவனின் திருநாமங்களை அடுக்கும்போது அல்மலிக், அல்குத்தூஸ், அஸ்ஸலாம் என்னும் மூன்றையும் ஒரே வரிசையில் கூறுவது இங்கு நினைவுகூரத்தக்கது.

இவ்வளவு நெருங்கிய உறவு நம் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குத் தமிழ் எழுத்தும் ஒரு காரணமாகும். எபிரேய ஸாதே எழுத்துக்கும் அரபு ஸாத் எழுத்துக்கும் தமிழில் நேர் எழுத்து இல்லை. விவிலியத்தைத் தமிழாக்கியோர் சகரத்தை இட்டுச் சேதேக்கு என்றனர். முஸ்லிம்கள் கிரந்த எழுத்தை இட்டு ஸித்தீக் என்றனர். ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரர்கள் வெவ்வேறு ஆடை அணிந்து ஒரே வீதியில் ஒருவரையொருவர் அறியாமல் கடந்து செல்வதைப் போன்றதே இது.

பெயரை முழுமையாக எவ்வாறு பெயர்ப்பது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் அதனை நீதியின் அரசன் எனவும், ஊர்ப் பெயரைக் கொண்டு சமாதானத்தின் அரசன் எனவும் விளக்குகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு நீதியுள்ள அரசன் என்றார். மல்கி என்பதிலுள்ள இகரத்தை 'என்' எனக் கொண்டால் 'என் அரசன் நீதியே' என்றாகும். கானானியரிடையே ஸெதெக் என்னும் பெயரில் ஒரு தெய்வம் வழிபடப்பட்டது எனக் கருதுவோர் 'ஸெதெக்கே என் அரசன்' என்பர். எவ்வாறு கொண்டாலும் ஓர் உண்மை மாறுவதில்லை. இந்தப் பெயரில் அரசனுக்கும் மேலாக ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 'என் அரசன் நீதியே' என்னும் பெயரைச் சூடியவன், தனக்கும் ஓர் அரசு உண்டு என ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் ஒப்புக்கொள்கிறான்.

பெயர் மட்டும் ஒருவனை நீதிமானாக்கிவிடாது என்பதற்கும் வேதமே சான்று தருகிறது. யோசுவாவின் காலத்தில் எருசலேமை ஆண்டவன் அதோனிசேதேக். 'என் ஆண்டவன் நீதியே' என்பது அப்பெயர். அவன் கிபியோன் ஊரார்மீது படையெடுத்துத் தோற்று, மக்கேதா குகையில் ஒளிந்து, அங்கேயே முடிந்தான். அவனைவிட வேதனைக்குரியது யூதாவின் கடைசி அரசனான சிதேக்கியாவின் கதை. அவனது இயற்பெயர் மத்தனியா. கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் அவனை அரியணையில் ஏற்றியபோது சூட்டிய பெயரே சிதேக்கியா. அதனுள்ளும் ஸெதெக் இருக்கிறது. நகரம் முற்றுகைக்குள்ளாகியிருந்த வேளையில் அவன் அடிமைகளையெல்லாம் விடுதலை செய்ய மக்களோடு உடன்படிக்கை செய்தான். எசமானர்கள் விடுவித்தனர். பின்னர் மனம் மாறி, விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். எரேமியா 34ஆம் அதிகாரம் இதனை விரிவாகக் கூறுகிறது. நீதியைப் பெயரில் வைத்திருந்த அரசனின் கண்முன்னே நடந்த காரியம் இது.

அவ்வாறாயின் ஸெதெக் என்பது உண்மையில் யாது? நீதி எனத் தமிழில் பெயர்த்துவிட்டு நாம் கடந்து செல்கிறோம். ஆனால் எபிரேய வேதத்தில் இச்சொல் வெறும் உயர்ந்த எண்ணமாக நின்றுவிடவில்லை. கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளின் தன்மையாகவும் அது வருகிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 36ஆம் வசனத்தில் ஸெதெக் நான்கு முறை இடம்பெறுகிறது: ஸெதெக்கான தராசு, ஸெதெக்கான நிறைகல், ஸெதெக்கான மரக்கால், ஸெதெக்கான படி. அதாவது குறைவும் கூடுதலும் இல்லாத அளவு. இதற்குச் சற்று முன்னே, 33ஆம் 34ஆம் வசனங்கள், நாட்டில் வந்து குடியிருக்கும் அந்நியனைச் சிறுமைப்படுத்தலாகாது என்றும் அவனைச் சுதேசியைப் போலவே நடத்த வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. அந்நியனைப் பற்றிய கட்டளையும் தராசைப் பற்றிய கட்டளையும் அருகருகே நிற்பதைத் தற்செயல் என நாம் எண்ணவில்லை. வெளியூரிலிருந்து வந்தவன் முதலில் ஏமாற்றப்படும் இடம் தராசடியே.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே அளவில் மோசடி செய்வோர் என்பதாகும். மத்யன் வாசிகளிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை) ஓரிறைக் கொள்கைக்கு அடுத்தபடியாக அவர்களிடம் வலியுறுத்தியது அளவையும் நிறுவையையும் குறைக்கலாகாது என்பதையே. ரஹ்மான் அத்தியாயம் வானம் உயர்த்தப்பட்டதைக் கூறும் அதே மூச்சில் தராசு நிறுவப்பட்டதையும் கூறுகிறது.

தமிழ் மரபிலும் இக்கருத்து வேரூன்றியதே. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிடுகிறது. இதில் ஒரு சொல்லை நாம் நின்று நோக்க வேண்டும். அரசன் கையிலுள்ளது செங்கோல். அது வளைந்தால் கொடுங்கோல். வணிகன் கையிலுள்ளது நிறைகோல். கோல் ஒன்றே. நேராக நிற்பதே இரண்டுக்கும் இலக்கணம். ஆகவே மல்கிஸெதெக் என்னும் பெயரைச் செங்கோலான் எனத் தமிழாக்கினால் பொருள் பெரிதும் பிழைபடாது. ஆட்சி, நேர்மை, அளவு ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். நம் பெண்கள் கொழுந்துப் பாத்தியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் மட்டக்கோலும் இந்தக் கோலின் குடும்பமே.

ஊவாவுக்கும் அரசர் பெயரின் வலிமை புதிதன்று. 1815இல் கண்டியின் கடைசி அரசன் சிறைபிடிக்கப்பட்ட பின்னர், 1817இல் வெல்லஸ்ஸைக் காட்டில் வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு ஒருவர் தோன்றினார். நாயக்க அரச குலத்தைச் சேர்ந்த துரைசாமி எனத் தம்மை அறிவித்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சுற்றி ஊவா முழுவதும் திரண்டது. 1818இல் பிரித்தானியர் கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கினர். அதோனி என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழில் பெயர்க்கச் சொன்னால் துரை என்றோ சாமி என்றோதான் நாமும் பெயர்ப்போம். சில பத்தாண்டுகளில் இம்மலைகளில் கோப்பியும் அதன் பின்னர் தேயிலையும் வந்தன. அரச குலத்தான் ஒருவனின் பெயரிலிருந்த துரை என்னும் சொல், தோட்டத்து வெள்ளைக்கார முகாமையாளரின் பட்டமாயிற்று. பெரிய துரை, சின்ன துரை என்னும் வழக்கு வெள்ளையர் சென்ற பின்னரும் தோட்டங்களை விட்டுப் போகவில்லை.

தமிழகத்திலிருந்து வந்து அத்துரைகளின் கீழ் உழைத்தோருக்குப் பெயர் என்பது வேறொரு பொருளையும் பெற்றது. மலையகத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. "இந்த மாதம் உனக்கு எத்தனை பேர்?" எனக் கேட்டால் எத்தனை நாள் வேலை செக்ரோலில் பதியப்பட்டது என்பதே கேள்வி. பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் 'அரைப் பேர்'. காலையிலிருந்து மலையேறி இறங்கிய ஒரு முழு மனுஷி, மடுவத்துத் தராசில் சில கிலோ குறைந்ததனால் பாதிப் பெயராகிவிடுகிறாள். பெயரையும் நிறையையும் இவ்வளவு நேரடியாக இணைத்த சொல் வேறெந்த மொழியிலும் இருக்குமா என்பது சந்தேகமே. மெல்கிசேதேக்கின் பெயர் ஊவா மலைகளில் விளங்குவதற்கு எபிரேய அகராதி தேவையில்லை எனலாம். பசறையிலோ ஹாலிஎலவிலோ நமுனுகுலையின் சரிவிலோ மாலை மடுவத்தில் வரிசையில் நின்றவர்கள் அதனை நன்கு விளங்கிக்கொள்வர்.

மடுவத்தில் நடப்பது யாது? கொழுந்து நிறுக்கப்படுகிறது. பின்னர் கழிவு கழிக்கப்படுகிறது. சாக்குக்கு ஒரு கழிவு, இலையில் தங்கிய நீருக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு. சாக்கு நிறையுடையது என்பதும் மழைக் கொழுந்து நீர் பிடிக்கும் என்பதும் உண்மையே. அதனை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு நீருக்கு எவ்வளவு கழிவு என்பதே வழக்கு. சாக்கின் நிறையை நிறுத்துப் பார்க்கலாம். நீரின் நிறையோ நிறுப்பவரின் மதிப்பீடு. சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசுகள் வந்துள்ளன. முள் ஆடுவது நின்றுவிட்டது. கழிவு நிற்கவில்லை. தம் காணியில் பறித்த கொழுந்தைச் சேகரிப்பு லொறிக்குக் கொடுக்கும் தமிழ், முஸ்லிம், சிங்களச் சிறு தோட்ட உடைமையாளர்களின் முறைப்பாடும் இதுவே என்பதைக் குறிப்பிடாதிருக்க முடியாது.

1956இல் சாக்கடலுக்கு அருகேயுள்ள கும்ரான் குகைகளில் 11ஆவது குகை கண்டுபிடிக்கப்பட்டது. அதில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சுருளின் நாயகன் நமது மல்கிஸெதெக். ஏழாம் ஆண்டில் கடன்களைத் தள்ளுபடி செய்யும் சட்டத்தையும், ஐம்பதாம் ஆண்டில் அவரவர் தம் காணிக்குத் திரும்பும் யூபிலிச் சட்டத்தையும் அச்சுருள் எடுத்துக்கொள்கிறது. இறுதிக் காலத்தில் சிறைப்பட்டோருக்கு விடுதலையை அறிவித்து, அவர்களது பாவச் சுமையாகிய கடனிலிருந்து அவர்களை விடுவிப்பவன் இவனே என்கிறது. சாலேம் என்னும் சிறிய ஊரின் அரசன் கடன் தீர்க்கும் வானத்து நீதிபதியாக உயர்ந்துவிட்டான். எத்தனையோ அரசர்கள் இருக்க, விடுதலையை அறிவிக்க அந்தச் சுருளை எழுதியோர் இவனைத் தேர்ந்ததற்கு இவனது பெயரே காரணமாய் இருந்திருக்க வேண்டும்.

கடன் என்றதும் நம் மக்களுக்குத் 'துண்டு' நினைவுக்கு வரும். ஒரு தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளி, தன் கடன் தொகை எழுதப்பட்ட துண்டுச் சீட்டோடுதான் போக முடிந்தது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களின் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பாட்டன் எங்கே பிறந்தான் என்பதற்குப் பத்திரம் இல்லாததே அவர்கள் செய்த குற்றம். எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் பெரும்பாலும் தீர்ந்தது. எபிரெயர் நிருபமோ மெல்கிசேதேக்கைத் தந்தை, தாய், வம்ச வரலாறு எதுவும் இல்லாதவன் என வருணிக்கிறது. அவ்வாறு வருணித்துவிட்டு, ஆபிரகாமையே ஆசீர்வதித்தவன் என அவனுக்குப் பெருமை சேர்க்கிறது. பிறப்புப் பத்திரம் கேட்காத நூல் அது.

சோதோமின் அரசன் பேராவுக்கு இப்போது திரும்புவோம். பே, ரா என அப்பெயரைப் பிரித்தால் எபிரேயத்தில் தீமையில் என்று பொருள்படும் எனப் பழைய யூத உரையாசிரியர்கள் சுட்டினர். இது சொல்லாராய்ச்சி அன்று, சொல்விளையாட்டே. ஆயினும் கதையின் போக்கை அவர்கள் சரியாகவே கண்டனர். மீட்கப்பட்ட ஆட்களைத் தன்னிடம் தந்துவிட்டுப் பொருட்களை ஆபிரகாமே வைத்துக்கொள்ளலாம் என்பது பேரா முன்வைத்த பேரம். ஆட்கள் ஒரு தட்டில், பொருட்கள் மறு தட்டில். ஆபிரகாம் ஒரு நூலையோ செருப்பின் வாரையோகூட எடுக்க மறுத்துவிடுகிறார். தம்முடன் போரிட்ட துணைவர்களின் பங்கை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். அவர்கள் உழைத்ததற்கான கூலி அது.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா எனச் சம்பள நிர்ணய சபையின் மூலம் அறிவிக்கப்பட்டது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இரு முறையும் வர்த்தமானி பேசியது தொகையைப் பற்றியே. அத்தொகைக்கு எத்தனை கிலோ என்னும் கேள்வி மடுவத்துக்கே விடப்பட்டது. 2021க்குப் பின்னர் பல தோட்டங்களில் கிலோ அளவு ஏற்றப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். வர்த்தகத்தில் பயன்படும் தராசுகளும் படிக்கற்களும் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும் என்பதற்கு இந்நாட்டில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிவு என்பதோ, மழை நாளில் தராசின் மறுபக்கம் நிற்பவர் வாயால் சொல்வதாகவே பல மடுவங்களில் இன்னும் இருந்து வருகிறது.